வெள்ளையடித்த சுவர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாட்டுக் கட்டும் தொழிலாளி ஒருவர் இருந்தார். அவர் இறந்த பின், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அவர் குடியிருந்த ஒற்றையறைக் காம்பராவை வேறு யாருக்கும் கொடுக்காமல் நூதனசாலை மாதிரி அப்படியே வைத்திருக்கிறார்கள். அவருடைய கம்பளி, மூக்குக்கண்ணாடி, அடுப்புக்கரி போட்டு வைத்த தகரடப்பா எல்லாம் அங்கே இருக்கின்றன. இப்போது அடுத்த காம்பராவில் இருக்கும் அவர் மனைவிதான் தினமும் கூட்டித் துடைக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தெமோதரை, லுணுகலைப் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் பார்க்க வருவார்கள்.

காகிதம் கிடைப்பது அரிது என்பதால் அவர் பாட்டை முதலில் கரியால் சுவரில் எழுதுவார். அழித்துத் திருத்தி முடித்த பிறகுதான் தாளில் ஏற்றுவார். காய்ச்சலோடு அவரைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றியபோது என் கையைப் பிடித்தார்.

“தம்பி, செவுத்த மட்டும் பாத்துக்க. இன்னும் தாள்ல ஏத்தல.”

“சரிங்கண்ணே.”

மனைவியும் கூடப் போனார். நான் அப்போது தொழிலாளரை வேலை வாங்கும் சில்லறைக் கங்காணி. மூன்றாம் நாள், லயங்களைப் பார்க்க டாக்டர் வருகிறார் என்று எல்லாச் சுவருக்கும் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார் தோட்டத்து மேலாளரான துரை. வாளியோடு போன பெண் அந்தச் சுவருக்கு முன்னால் தயங்கினாள்.

“கங்காணி, எழுத்து இருக்குங்களே?”

துரை வாசலில் நின்றார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். துரையிடம் பேசுவதென்றாலே எனக்கு வாய் உலர்ந்துவிடும்.

“அடி” என்றேன்.

அண்ணன் திரும்பி வரவில்லை.

போன மாதம் பார்க்க வந்தவர்களில் ஒருவர், “வெள்ளச் செவுத்தப் பாக்கவா இவ்வளவு தூரம் நடந்தோம்?” என்று சிரித்தார். அண்ணன் மனைவி, என் அண்ணி, என்னைக் காட்டினார்.

“தொரை கேக்கலைங்க. இந்தத் தம்பி எவ்வளவோ தடுத்துப் பாத்துச்சு.”

நான் அப்படிச் சொன்னதே இல்லை, அவராக நினைத்துக்கொண்டது. இத்தனை வருஷமும் நான் மறுக்கவில்லை. அவர்கள் போனதும் அண்ணி தேங்காய்ச் சிரட்டைத் துண்டால் சுவரைச் சுரண்டத் தொடங்கினார்.

“சுண்ணாம்பு பொரிஞ்சு விழுகுது தம்பி. உள்ள கரி தெரியுது. எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே, வாசிச்சுச் சொல்லுங்க.”

“அண்ணி, நான் தடுக்கல. நான்தான் அடிக்கச் சொன்னேன்.”

கை நின்றது. என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“அப்ப, அடிக்கிறதுக்கு முந்தி வாசிச்சிருப்பீங்கல்ல? என்ன எழுதியிருந்தாரு?”

நான் வாசிக்கவில்லை. துரையின் காலில் இருந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் சொன்னேன்.

சிரட்டைத் துண்டை என் கையில் வைத்துவிட்டு அண்ணி தம் காம்பராவுக்குப் போய்விட்டார். பொழுது சாயும்வரை சுரண்டினேன். ஓர் எழுத்துக்கூட முழுதாக வரவில்லை.