சக்கரப் பிடியின் சிவப்பு விளக்கு

“2007. சாம்பல் புதனுக்கு அடுத்த சனி, காலை 9.20. சிவப்பு விளக்கு மறுபடியும் நடுங்கியது. கரண்டைச் சீராக்கும் ஸ்ரெபிலைசரை மாற்றியும் பயனில்லை.”

என் நீலக் கொப்பியில் அன்றைய முதற்பதிவு இது. அந்த விளக்கு கொம்பியூட்டர் திரைக்குள் இருந்தது. போர் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றில், விமானியின் இடக்கைப் பக்கம் உள்ள பிடியொன்றின் நுனியில் அது எரியும். மன்னார் நகரில் ஒரு ரீச்சர் நடத்திய கொம்பியூட்டர் வகுப்பில் நான் அப்போது படிப்பித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில்லாத வேளைகளில் விமானம் ஓட்டுவேன். டிஸ்க் மட்டும்தான் என்னிடம் இருந்தது, விளக்கக் கையேடு இல்லை.

ரீச்சர் என் தோளுக்குப் பின்னால் நின்று அந்த நடுக்கத்தைப் பார்த்துவிட்டார்.

“தவசு காலத்தில சண்டை விளையாட்டோ மாஸ்டர்?”

“சண்டை இல்லை ரீச்சர். இறங்கப் பழகிறன்.”

“முந்தின கொம்பியூட்டரும் இப்பிடித்தான் மினுங்கி மினுங்கிக் கறுத்தது. திங்கள் விடிய லொறி கொழும்புக்குப் போகுது. இதைக் கட்டிக் குடுத்துவிடுவம்.”

முந்தியதைக் கொழும்புக்குத் திருத்த அனுப்பி ஒரு வருடமாகியும் அது திரும்பி வரவில்லை. வழியில் ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் பெட்டியைத் திறந்து காட்டவேண்டும். இதுவும் போனால் ஆறு மாணவர்களுக்கு ஒரேயொரு பழைய கொம்பியூட்டர்தான் மிஞ்சும். அவர்களுடைய செய்முறைப் பரீட்சைக்கு மூன்று கிழமைதான் இருந்தது.

“நாளைப் பின்னேரம் வரைக்கும் தாங்கோ ரீச்சர். பிழை எதில எண்டு காட்டுறன்.”

“காட்டாட்டி?”

“நானே பெட்டி கட்டித் தாறன்.”

எங்கள் ஊரில் எது மினுங்கினாலும் முதலில் கரண்டைத்தான் திட்டுவோம். நானும் அதையேதான் செய்திருந்தேன். இனி ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதை எழுதுவது என்று முடிவெடுத்தேன். மற்ற கொம்பியூட்டரின் மொனிற்றரைக் கழற்றி இதில் பூட்டினேன். விளக்கு நடுங்கியது. ஜெனரேற்றரில் ஓட்டினேன். அப்போதும் நடுங்கியது. விளையாட்டை மூடிவிட்டு ஒரு முழுப்பக்கம் தட்டச்சுச் செய்தேன். திரையில் ஓர் எழுத்துக்கூட அசையவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்து கொப்பியைத் திரும்ப வாசித்தேன். நடுங்கிய நேரங்களுக்கு எதிரே எல்லாம் நானே ஒரே சொல்லை எழுதியிருந்தேன்: “இறக்கம்.” மேலே ஏறும்போது ஒருமுறைகூட நடுங்கவில்லை. கரண்டுக்கு நான் ஏறுவதும் இறங்குவதும் எப்படித் தெரியும்?

அப்போதுதான் ஸ்பீக்கர்களைப் பார்த்தேன். அவை அலுமாரிக்கு மேலே, வயர் சுற்றிக் கிடந்தன. அதற்கு ஒரு காரணம் உண்டு. முந்திய மாரியில் ஒருநாள் நான் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தபோது, விடத்தல்தீவிலிருந்து இடம்பெயர்ந்து பக்கத்து வளவில் இருந்த அக்கா, கையிலிருந்த அகப்பையோடு பங்கர்க் குழிக்குள் ஓடினார். விளையாட்டின் சத்தத்தைக் குண்டுவீச்சு விமானம் என்று நினைத்துவிட்டார் என்று, அன்றே ரீச்சர் ஸ்பீக்கர்களைக் கழற்றச் சொல்லிவிட்டார். அதன்பிறகு நாங்கள் ஓட்டிய விமானங்கள் எல்லாம் ஊமை.

என் பழைய வோக்மனின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இறங்கினேன். விளக்கு நடுங்கியது. அதே தாளத்தில் காதுக்குள் ஒரு ஹோர்னும் விட்டுவிட்டு அடித்தது. சக்கரத்தை வெளியே விட்டதும் இரண்டும் நின்றன. என்ஜின் விசையைக் குறைக்கிறாய், சக்கரத்தை இன்னும் வெளியே விடவில்லை என்று விமானம் என்னை எச்சரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பிடி சக்கரம் இறக்கும் பிடி.

எச்சரிக்கை சரி. அது ஏன் விட்டுவிட்டு வரவேண்டும்? சக்கரத்தை மீண்டும் மடக்கி, கொம்பியூட்டரில் பூட்டியிருந்த ஜோய்ஸ்ரிக்கின் அடியில் விசையைக் கூட்டிக் குறைக்க விரலால் உருட்டும் சில்லை ஒரு மயிரளவு தள்ளினேன். ஹோர்ன் நின்றது. திரும்பவும் அதே இடத்தில் வைத்தேன். கையை எடுத்த பிறகும் ஹோர்ன் துடித்தது. ஜோய்ஸ்ரிக்கைக் கழற்றிப் பார்த்தால், கடற்காற்று உள்ளே தன் வேலையைச் செய்திருந்தது. சில்லின் தகட்டில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. தொடுப்பு விட்டுவிட்டுப் பட, விசை கூடிக் குறைவதாக விமானம் எடுத்துக்கொண்டிருக்கிறது.

“ரீச்சர், உங்கட ஓடிக்கொலோனை ஒருக்காத் தாங்கோ.”

“ஏன், தலைசுத்துதோ பைலட்டுக்கு?”

ஸ்பிரிட் கலந்த அந்த வாசனைத் திரவத்தில் பஞ்சை நனைத்துத் துடைத்துப் பூட்டினேன். ரீச்சரைக் கதிரையில் இருத்தி, ஹெட்போனைக் கொடுத்து, சில்லை நானே மெல்லத் திருப்பினேன். விளக்கு நடுங்காமல் ஒரேயடியாக எரிந்தது. சக்கரத்தை இறக்கினேன். ஒரேயடியாக அணைந்தது. அவர் மூன்றுமுறை செய்யச் சொல்லிப் பார்த்தார்.

“அப்ப லொறிக்காரனுக்கு வேண்டாம் எண்டு சொல்லிவிடுறன்” என்றார். ஆறு பேரும் இரண்டு கொம்பியூட்டர்களிலும் பரீட்சை எழுதினார்கள்.

நடந்ததைப் பக்கத்து வளவு அக்காவிடம் சொல்லி, முன்பு பயப்படுத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் சிரித்தார்.

“உங்கட பெட்டிச் சத்தத்துக்கோ தம்பி நான் ஓடினனான்? பெட்டிச் சத்தம் எனக்குத் தெரியாதோ? அண்டைக்கு மேல வானத்திலயெல்லோ கேட்டது.”

ரீச்சர் அப்படி எதையும் கேட்கவில்லை என்கிறார். ஸ்பீக்கர் சத்தத்துக்குள் நான் கேட்டிருக்க வழியில்லை. என் கொப்பியில் அந்த நாளுக்கு “ஸ்பீக்கர் கழற்றியாயிற்று” என்ற ஒரு வரிதான் இருக்கிறது, நேரம்கூட இல்லை. அன்று எங்கள் கூரைக்கு மேலாக உண்மையான விமானம் ஏதும் போனதா என்பதை இதை எழுதும்வரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.