சனி மூலையிலிருந்து எண்ணிய வீடு

அண்ணாமலை நகரில் அந்த வருஷங்களில் படித்த பிள்ளைகளுக்குப் பேராசிரியர் பெயர் மறந்திருக்கலாம், கொளஞ்சியம்மாள் மெஸ் மறந்திருக்காது. அவள் கருவாட்டுக் குழம்பு கொதிக்க வைக்கும் நேரத்தில் சிதம்பரம் ஸ்டேஷனில் நிற்கிற வண்டி கிளம்பாது. கார்டு பச்சைக் கொடி காட்டுவார், டிரைவர் மூக்கை உயர்த்திக்கொண்டு அப்படியே நிற்பார். நம்பாதவர்கள் அந்த டிரைவரைத் தேடிப் பிடித்துக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த மணம்தான் அவளுக்கு எதிரி. வாடகை வீட்டில் மெஸ் நடத்துகிறவளுக்கு எந்த வீட்டுக்காரர் நிலைப்பார்? ஒருவர் சுத்த சைவம். குழம்பு மணம் மாடிப்படி ஏறி வந்து பூஜை அறைக் கதவைத் தட்டுகிறது என்றார். இன்னொருவர் வாசலில் கிடந்த செருப்புக் குவியலைப் பார்த்துவிட்டு, இது வீடா, கோயில் வாசலா என்று கேட்டார். மூன்றாமவர் மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்றார். மகன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஒவ்வொரு தடவையும் அண்டா குண்டானோடு தள்ளுவண்டி கிளம்பும், பின்னால் மெஸ் பிள்ளைகள் ஊர்வலம் போவார்கள்.

பெண்ணாடம் பக்கம் கரும்பு விவசாயக் குடும்பத்துப் பெண் அவள். கணவர் மணவாளன் கரும்பு அரவை நடக்கும் மாதங்களில் மட்டும் ஆலைக்குக் கூலி வேலைக்குப் போவார், மீதி நாள் சும்மா. அதனால்தான் இருவரும் சிதம்பரத்துக்கு வந்தார்கள். அவள் சமைத்தாள், அவர் மார்க்கெட்டுக்குப் போய்வந்தார். ஊரில் அவள் அப்பா வீட்டுச் சுவரில் எத்தனை ஆணி வேண்டுமானாலும் அடிக்கலாம். இங்கே ஒரு முருகன் படம் மாட்ட ஆணி அடித்ததற்கு வீட்டுக்காரர் சுவரைத் தடவிப் பார்த்து அரைநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் அவள் மணவாளனிடம் சொன்னாள், செத்தாலும் சொந்தச் சுவருக்குள்தான் சாகப் போகிறேன் என்று. மெஸ் கூடத் தனியாக ஒரு ஷெட்டில் இருக்கட்டும். வீடு என்றால் கதவைச் சாத்தினால் ஒருத்தரும் தட்டக் கூடாது. அதுதான் அவள் கேட்டது.

2006-இல் ஊருக்கு வெளியே ஒரு நெல் வயலை மனை போட்டு விற்றார்கள். வேனில் அழைத்துப்போய், பந்தல் போட்டு, கேசரி கொடுத்து, மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களைக் காட்டினார்கள். தெற்கு வடக்காக ஒரே வரிசை, பதினாலு மனை. ஒவ்வொரு கல்லிலும் எண். சீட்டு எடுத்து, தாலிக்கொடியையும் அடகு வைத்து ஏழாம் எண் மனையை வாங்கினாள். கேசரியில் நெய் போதாது என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாளாம்.

வீடு கட்ட நாலு வருஷம் ஆயிற்று. அதற்குள் வேலிக்காத்தான் ஆளுயரம் மண்டிவிட்டது. வெட்டிச் சுத்தம் பண்ணிப் பார்த்தால் ஒரு கல்லையும் காணோம். பக்கத்துக் கிராமத்தில் முக்கால்வாசி வீட்டுத் துவைக்கிற கல் மஞ்சளாக இருந்தது. ஒரு வீட்டில் பதினொன்று என்ற எண்ணின் மேலேயே போர்வையை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். யாரைப் போய்க் கேட்பது? பத்திரத்திலோ, தெற்கே ஆறாம் மனை, வடக்கே எட்டாம் மனை, நடுவில் ஏழு என்று இருக்கிறது. ஆறும் எட்டும் தரையில் இருந்தால்தானே நடுவில் ஏழு இருக்கும்.

மேஸ்திரி ஆண்டி அவர்களுக்கு உறவு, மணவாளனை மச்சான் என்பார். இதற்கெல்லாம் சர்வேயர் எதற்கு, வரிசையின் கோடியிலிருந்து டேப் பிடித்தால் போச்சு என்றார். அந்தக் கோடியில் ஒரு சின்னப் பாலம், இந்தக் கோடியில் டிரான்ஸ்பார்மர். இரண்டும் அசையாத அடையாளம்தான். தெற்குக் கோடியில் பாலத்திலிருந்து ஆண்டி டேப்பை விரிக்கப் போனார். கொளஞ்சியம்மாள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். நல்ல காரியத்துக்கு அளக்கும்போது எவனாவது தெற்கிலிருந்து ஆரம்பிப்பானா? அது எமன் திசை. கடைக்கால் பூஜையே சனி மூலையில்தானே போடுகிறோம், அளவும் அந்த வடகிழக்குப் பக்கமிருந்துதான் வரவேண்டும் என்றாள். ஆண்டியும் சரிதான் என்று தலையாட்டினார். யாராக இருந்தாலும் ஆட்டியிருப்பார்கள். நம் பக்கத்தில் அதை மறுத்துப் பேசும் மேஸ்திரி இன்னும் பிறக்கவில்லை.

டிரான்ஸ்பார்மரிலிருந்து ஏழு எண்ணினார்கள். மனை போட்டவனோ பாலத்திலிருந்து எண்ணியிருந்தான். பதினாலு மனை வரிசையில் இந்தப் பக்கத்து ஏழும் அந்தப் பக்கத்து ஏழும் ஒன்றாகுமா? எட்டாம் மனையில் வீடு எழும்பியது.

நல்ல வீடு. இரண்டு அறை, சமையல்கட்டு, பின்னால் கிணற்றடி. சாலைப் பக்கம் மெஸ்ஸுக்குத் தனியாகத் தகர ஷெட். குடிபோன அன்று ஒரு சுவருக்கு மூன்று ஆணி வீதம் அடித்து, மாட்டப் படம் இல்லாமல் காலண்டர்களாக மாட்டி வைத்தாள்.

அடுத்த வருஷம் சாலைக்கு எதிர்ப்புற வயலையும் மனை போட்டார்கள். அதில் போட்ட தெரு நேராக வந்து கொளஞ்சியம்மாள் வீட்டுக்குத் தெற்கே, காலியாகக் கிடந்த மனையின் நெஞ்சில் முட்டி நின்றது. பச்சைத் தெருக்குத்து. அப்படிப்பட்ட மனையில் வீடு கட்டினால் குடும்பம் விளங்காது என்பது நம் சனங்களின் பயம். மயிரிழையில் தப்பினோம் என்று அவள் ஊர்ப்பக்கத்துச் சாமி கொளஞ்சியப்பரை நினைத்து வெண்கலப் பானை நிறையப் பொங்கல் வைத்து, மெஸ் பிள்ளைகளுக்கும் ஆண்டிக்கும் கொடுத்தாள். பக்கத்து மனைக்காரர் யாரோ, பாவம் என்றும் சொன்னாள்.

வருஷக் கடைசியில் ‘தானே’ புயல் அடித்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரம் ஒன்று பறந்து வந்து கொள்ளிடத்தில் இறங்கிப் பழுத்தது என்கிறார்கள். அது எப்படியோ போகட்டும். மெஸ் ஷெட் பறந்ததும் வீடு அசையாமல் நின்றதும் உண்மை.

புயல் ஓய்ந்த தை மாதத்தில் கடலூரிலிருந்து ஓர் அம்மாள் சர்வேயரோடு வந்து இறங்கினார். பெயர் ஆரோக்கியம்மாள், அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வாங்கிப்போட்ட மனைக்குக் கம்பி வேலி போட வந்திருந்தார். சர்வேயர் பாலத்திலிருந்து சங்கிலி பிடித்துக்கொண்டு வந்தார். சங்கிலி கொளஞ்சியம்மாள் வாசலில் ஏறிச் சமையல்கட்டு வழியாகக் கிணற்றடிக்குப் போயிற்று. கொஞ்சம் இட்லிக் குண்டானை நகர்த்துங்கள் என்று சர்வேயர் சொன்னபோதுகூட அவளுக்கு விளங்கவில்லை. யாரோ தண்ணீர்க் குழாய்க்கு அளக்கிறார்கள் என்று நினைத்து அவர்களுக்கு மோர் கொடுத்தாள்.

"இது எட்டாம் மனைம்மா" என்றார் ஆரோக்கியம்மாள், மோரைக் குடித்து முடித்துவிட்டு. "எட்டு என்னுது."

மணவாளன் திண்டாடிப் போனார். ஆண்டியைக் கூப்பிட்டார், ஆண்டி தலையைச் சொறிந்தார். கடைசியில் மணவாளனே வழி சொன்னார். இரண்டு மனையும் ஒரே அளவு, பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. தெற்கே காலியாகக் கிடக்கிற ஏழாம் மனையை நீங்கள் எடுத்துக்கொண்டு எட்டை எங்களுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள், பத்திரச் செலவு எங்களுடையது. நீங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், தெருக்குத்தெல்லாம் உங்களுக்குப் பெரிசில்லை என்று கடைசியில் ஒரு வார்த்தையும் சேர்த்தார். அந்த ஒரு வார்த்தையை அவர் விழுங்கியிருக்கலாம்.

"நாங்க வேதக்காரங்கன்னு லாரிக்குத் தெரியுமாங்க?" என்று கேட்டார் அந்த அம்மாள். தெரு வந்து முட்டுகிற ஒரு வீட்டுக்குள் லாரி புகுந்து, ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு வந்த சனத்துக்கு அவர் தையல் போட்டிருக்கிறார். பிறகு கொளஞ்சியம்மாள் பக்கம் திரும்பினார். "தெரு வந்து முட்டுனப்ப பொங்கல் வச்சீங்களாமே. வழியில டீக்கடைல சொன்னாங்க. உங்க தலைக்கு வந்தது பக்கத்து மனைக்குப் போச்சுன்னுதானே வச்சீங்க? இப்ப அதை என் தலைல கட்டுறீங்களா?"

கொளஞ்சியம்மாள் காலி மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மெஸ்ஸில் எத்தனை பிள்ளைகளின் வாயை அடைத்தவள்.

வக்கீலிடம் போனார்கள். கேஸ் போடலாம், தீர்ப்பைக் கேட்க உங்கள் பேரன் வருவான் என்று அவர் சொன்னார். மறுபடியும் கடலூருக்கே போய் ஆரோக்கியம்மாள் தங்கியிருந்த தம்பி வீட்டு வாசலில் நின்றார்கள். இந்த முறை கொளஞ்சியம்மாளே பேசினாள். "சிஸ்டர், நான் பத்து வாசல் மாறுனவ. அந்த மனைய எனக்கே வித்துடுங்க, எப்படியாவது கட்டிடுறேன்."

ஆரோக்கியம்மாள் அவளை உட்காரச் சொல்லித் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். "நானும் சர்வீஸ் முழுக்க குவார்ட்டர்ஸ்லயே கெடந்தேன். இப்ப தம்பி பொண்டாட்டி சமையல்கட்டுல நின்னு வெந்நி போடக்கூட கேட்டுத்தான் போடணும். ஒனக்கு மட்டும்தான் வீடு வேணுமா, கொளஞ்சி?"

இடித்துச் செங்கல்லை எடுத்துக்கொள், அல்லது கட்டிய விலையை வாங்கிக்கொள் என்று அவர் இரண்டு வழி சொன்னார். ஆண்டி போட்ட மதிப்பில் ஒரு ரூபாய்கூட அந்த அம்மாள் குறைக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். இடிக்கக் கொளஞ்சியம்மாளுக்கு மனசு வரவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு ஏழாம் மனைக்குத் தகரத்தோடு நகர்ந்தாள். பின்புறம் படுக்க ஓர் அறை, முன்புறம் மெஸ். வந்த பணத்தில் பாதி தாலிக்கொடியை மீட்டதில் கரைந்தது, தெருக்குத்தில் மறுபடி வீடு எழுப்ப அவளுக்குத் துணிவும் வரவில்லை.

தெருக்குத்து வீட்டுக்குத்தான் ஆகாது போலிருக்கிறது, மெஸ்ஸுக்கு ஆகிவந்துவிட்டது. எதிர்த் தெருவில் லாட்ஜுகள் முளைத்தன. தெருவில் இறங்குகிற பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் அவள் இட்லிக் குண்டானில்தான் வந்து முட்டுவான். விடிவதற்கு முன்னாலேயே தகரக் கதவைத் தட்டுகிறார்கள். பார்த்தியா, கூட்டத்தை என்று மணவாளன் சந்தோஷப்படுவார். அவள் கதவைத் திறக்கப் போவாள்.

ஆரோக்கியம்மாள் குடிவந்த மறுநாள் காலையில் மெஸ்ஸுக்கு வந்தார். குள்ளமான மனுஷி. பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரையில் படவில்லை. இட்லியைத் தின்றுகொண்டே சொன்னார், அடுப்பு மேடை நெஞ்சு ஒசரத்துக்கு இருக்கிறது, முக்காலி போட்டு நின்றுதான் பால் காய்ச்சினேன், ஆண்டியை விட்டு ஒடைத்து இறக்கிவிடப் போகிறேன் என்று. கொளஞ்சியம்மாள் வாட்டசாட்டமான ஆள். மேடை கட்டுகிற அன்று ஆண்டி எதிரில் நின்று, தன் முழங்கையை மடக்கிக் காட்டித்தான் உயரம் வைக்கச் சொல்லியிருந்தாள்.

அவள் சட்னிக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒடைக்காதீங்க சிஸ்டர். மூணு வேளையும் நான் குடுத்தனுப்புறேன்."

"எதுக்கு? எனக்குக் கை இல்லையா?"

"இருக்கட்டும். மேடைய மட்டும் விட்டுடுங்க."

ஆரோக்கியம்மாள் தட்டில் கிடந்த கடைசி இட்லித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு, கருவாட்டுக் குழம்பு என்றைக்கு என்று மட்டும் கேட்டார். புதன்கிழமை என்றாள் கொளஞ்சியம்மாள்.

அன்றிலிருந்து ஏழிலிருந்து எட்டுக்குத் தூக்குவாளி போகிறது.