மகளுக்கு நாள் தள்ளிப்போனபோது

பகலெல்லாம் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறவர் மெக்கானிக். மகளுக்கு நாலு மாதமாக மாதவிடாய் வரவில்லை என்பதே அவர் தங்கை வந்து சொல்லித்தான் தெரிந்தது.

"அண்ணே, காலேஜுக்குப் போற பொண்ணு. நாள் சும்மாவா தள்ளிப்போகும்? கண்ணைத் திறந்து பாரு."

மெக்கானிக்குக்கும் அதே சந்தேகம் வந்துவிட்டது. மனைவி உயிரோடு இருந்திருந்தால் பக்குவமாகக் கேட்டிருப்பாள். இவருக்கு ஸ்பானர் பிடிக்கத்தான் தெரியும். மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மறுநாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா அவரை வெளியே நிற்கச் சொன்னார். ஸ்கேன் எல்லாம் முடிந்து அவரை உள்ளே கூப்பிட்டார்.

"கர்ப்பமெல்லாம் இல்லை. ஹார்மோன் கோளாறு, சினைப்பையில சின்னச் சின்னதா நீர்க்கட்டி தெரியுது. நிறைய பொண்ணுங்களுக்கு இருக்கு. மாத்திரை எழுதியிருக்கேன். தினமும் நடக்கணும், மாசாமாசம் தேதியைக் குறிச்சு வைக்கணும். அலட்சியமா விட்டுடாதீங்க."

முதல் வார்த்தையிலேயே மெக்கானிக் பெரிதாக ஒரு மூச்சு விட்டிருந்தார். மகள் அதைக் கவனித்துவிட்டாள்.

வெளியே வந்து பைக்கில் ஏறும்போது கேட்டாள். "எனக்கு என்ன வியாதியோன்னு பயந்தியாப்பா, இல்ல நான் என்ன பண்ணிட்டேனோன்னா?"

"அத்தைதான் ஏதோ..."

"அத்தை சொல்லட்டும். நீ?"

பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள். மெக்கானிக் வண்டியைக் கிளப்பினார். மருந்துக் கடை முன்னால் நிறுத்தி அவர் மருந்துச் சீட்டுக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை, தானே இறங்கிப் போனாள்.