எட்டாயிரத்து நூற்று இருபத்தெட்டு

டெல்லி லோதி ரோடு பஸ் ஸ்டாப்பில் தினமும் என் பக்கத்தில் ஒருவர் நிற்பார். ஒல்லி உடம்பு, மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை. பெயர் கேட்டதில்லை. போகிற வண்டிகளின் நம்பரையெல்லாம் வாய்க்குள் வகுத்துக்கொண்டிருப்பார். "இது பகா எண் சார். இது பதிமூணுல போகும்."

அன்று காலை சிக்னலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது.

"8128 சார். இதை மீதியில்லாம வகுக்கற சின்ன எண்ணையெல்லாம் கூட்டினா இதுவே வரும். நாலு இலக்கத்துல இது ஒண்ணுதான்" என்றார், சாமி பார்த்த முகத்தோடு.

பின்னால் வந்த ஆட்டோ காரை உரசியது. கார்க்காரன் இறங்கி, ஆட்டோக்காரரை வெளியே இழுத்து இரும்புக் கம்பியால் மண்டையில் அடித்தான். விழுந்தவரை மறுபடியும் அடித்தான். இருபது பேர் பார்த்துக்கொண்டு நின்றோம். இவர் மட்டும் கிட்டே போய், "விட்டுடு பையா, உன் நம்பர் எனக்கு மறக்காது" என்று இந்தியில் சொன்னார். அடுத்த அடி அவர் வாயில் விழுந்தது. பற்கள் ரத்தத்தோடு ரோட்டில் தெறித்தன. கார் பறந்துவிட்டது.

போலீஸ்காரர் வந்து நம்பர் கேட்டார். தாடை உடைந்து பேச முடியாமல், அவர் என்னைக் கைகாட்டினார்.

கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அப்புறம் அவரைப் பார்க்கவில்லை. ஒருநாள் காகிதம் எடுத்து, 8128-ஐ வகுக்கிற பதின்மூன்று சின்ன எண்களையும் கூட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.