கற்பூரம் அணைத்த கை

ரங்கூனில் பசுந்தாங் ஓடைக்கரையில் கனகாம்பாள் சோற்றுக்கடையை அரிசி ஆலைக் கூலிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆலையில் மூட்டை சரிந்து புருஷன் செத்த பிறகு அவள் ஆரம்பித்த கடை அது. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சுவதும் அவள்தான். அவள் கைபட்டால்தான் அம்மன் குளிர்வாள் என்று அந்தக் கூலிக்காரர்கள் குடியிருந்த பலகை வீட்டு வரிசை முழுக்கச் சொல்லும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே.

பொன்னுத்துரை யாழ்ப்பாணத்துக்காரர். ரங்கூன் கல்லூரி ஒன்றில் தத்துவம் சொல்லிக்கொடுக்க வந்தவர். வந்த புதிதில் அவள் கடையில்தான் சாப்பாடு. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்ததும் அவளே. அவர் அவளை அக்கா என்பார். அவள் தம்பி என்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் அவர் கல்லூரியை விட்டுவிட்டு நகரசபைத் தேர்தலுக்கு நின்றார். பலகை வீடுகளை இடித்துச் சாலை போடப்போவதாக அப்போதே பேச்சு. இடிக்க விடமாட்டேன் என்று வீடு வீடாகச் சொன்னார். அந்த வரிசையில் வரி கட்டும் கடைக்காரர்களுக்குத்தான் ஓட்டு.

"படிச்சவங்க பேச்சை எப்படி நம்புறது? அம்மன் முன்னால கற்பூரம் அணைக்கட்டும்" என்றார்கள் அவர்கள்.

பொன்னுத்துரை சிரித்தார். அதிலெல்லாம் தனக்கு நம்பிக்கை இல்லை என்றார். கனகாம்பாளுக்குப் பொறுக்கவில்லை.

"என் தம்பிக்காக நான் அணைக்கிறேன். இந்த வீடுகளை இடிக்க அவர் விடமாட்டார். சத்தியம்" என்று எரியும் கற்பூரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். தோல் வெந்தது. ஓட்டு மொத்தமும் அவருக்கே விழுந்தது.

மறுவருஷம் நகரசபையில் அந்த வீடுகளை இடிக்கத் தீர்மானம் வந்தது. பொன்னுத்துரை சுகாதாரத்தைப் பற்றி நீட்டி முழக்கிவிட்டு, ஆதரித்துக் கை தூக்கினார். கனகாம்பாள் அவர் பங்களாவுக்கு ஓடினாள்.

"தம்பி, நான் சத்தியம் பண்ணியிருக்கேனே."

"ஓம் அக்கா, நீங்கள்தானே செய்தனீங்கள். நான் ஒரு சத்தியமும் செய்யேல்லை" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. வகுப்பில் பாடம் விளக்குவதுபோல் சொன்னார்.

வீடுகள் போயின. சனங்கள் மிங்கலா தாங்ஞுன்ட் பக்கம் குடியேறினார்கள். அவளும் அங்கேயே அடுப்பு வைத்தாள். ஆனால் பொய்ச்சத்தியம் பண்ணின கைச் சோற்றை யார் சாப்பிடுவார்கள்? ஒருவரும் சண்டை போடவில்லை. அவளைத் தாண்டி, அங்கே சோற்றுக்கடை வைத்திருந்த ஜெயம்மாவிடம் போனார்கள். கற்பூரக் கதை தெரியாத பர்மாக்காரர்கள் சிலர் மட்டும் வந்தார்கள். பொன்னுத்துரையிடம் கோபிக்க யாருக்கும் வசதிப்படவில்லை. குழாய்த் தண்ணீருக்கு அவரிடம்தானே போய் நிற்க வேண்டும். விதவையிடம் கோபித்துக்கொள்வது சுலபம். நினைத்தாலே வயிறு எரிகிறது.

ஆடி வந்தது. கூழ் காய்ச்சியது ஜெயம்மா. பொன்னுத்துரைக்கு மாலை போட்டு முதல் குவளையைக் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்தவர், கூட்டத்தின் ஓரத்தில் நின்ற கனகாம்பாளைப் பார்த்துவிட்டார்.

"அக்கா காய்ச்சின மாதிரி இல்லை. ஏன், இந்த முறை நீங்கள் காய்ச்சேல்லையே?"

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கனகாம்பாள் முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து வடு தெரிய விரித்தாள்.

"காய்ச்சுற கை உங்களுக்கு ஓட்டு வாங்கப் போயிருச்சுங்க, ஐயா."

அதுவரை அவள் அவரை ஐயா என்று கூப்பிட்டதே இல்லை. அவர் குவளையில் மிச்சமிருந்த கூழையும் குடித்துவிட்டுத்தான் போனார்.