இரண்டு முடிச்சுப் பொட்டலம்

எங்கள் வீட்டில் என் வலது கைக்குத் தனி மரியாதை இருந்தது. கொல்லையில் தண்ணீருக்குப் போர் போட மேற்கு மூலையா, கிழக்கு மூலையா என்று குழம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஆறு வயதுச் சிறுமியான நான் கோயிலில் ஒரு பொட்டலத்தை எடுத்தேன். கிழக்கு என்று வந்தது. போட்டார்கள், தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அடுத்த கொல்லைக்காரர் மெஷின் எல்லாம் வைத்துப் பார்த்துப் போட்ட போரில் புழுதிதான் வந்தது. அன்றிலிருந்து அத்தைக்கு, அதாவது எங்களோடு இருந்த அப்பாவின் அக்காவுக்கு, என் கைமேல் அசைக்க முடியாத நம்பிக்கை. அதே கையால் நான் எழுதிய கணக்குப் பரீட்சையைப் பற்றி மட்டும் அவள் வாய் திறந்ததில்லை.

எங்கள் ஊரான கரையாம்புத்தூரில் இது சாதாரண வழக்கம். ஒரு முடிவுக்கு வர முடியாவிட்டால் பூ கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூவுக்கு ஒரு பதில், சிவப்புப் பூவுக்கு ஒரு பதில் என்று மனதில் வைத்துக்கொண்டு, இரண்டையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து, நாரால் கட்டி, மாரியம்மன் காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். விவரம் தெரியாத குழந்தை என்பதுதான் இதில் முக்கியம்.

எனக்கு ஒன்பது வயதானபோது அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. தெரிய வந்ததே பெரிய பாடு. கட்டி எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை. இடது மார்பு ஒரு பக்கமாகக் கெட்டிப்பட்டு வருவதாக அம்மாவுக்குத் தோன்றியது, அவ்வளவுதான். முதலில் எடுத்த படத்தில் ஒன்றும் தெரியவில்லை. "கட்டியே இல்லாம இன்னாடி சந்தேகம் ஒனக்கு?" என்றாள் அத்தை. அப்பாவுக்குக் கரும்பு வெட்டுக்கு ஆலையிலிருந்து உத்தரவு வந்திருந்த நேரம். அம்மா தனியாகவே பஸ் ஏறிப் பாண்டியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். வேறு ஸ்கேன் எடுத்து, ஊசியால் சதை எடுத்துப் பார்த்து, லோபுலர் வகை என்றார்கள். பால் சுரக்கிற இடத்தில் ஆரம்பித்து, கட்டியாகத் திரளாமல் நூல் நூலாகப் பரவுமாம். அதனால்தான் கைக்கும் அகப்படவில்லை, படத்திலும் விழவில்லை. இதெல்லாம் பிற்பாடு ஆஸ்பத்திரி ஃபைலைப் புரட்டியும் கேட்டும் நான் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா வீட்டில் இல்லை என்பது மட்டும்தான்.

சோதனைகளுக்காக அவள் நான்கு நாட்கள் அங்கேயே தங்க வேண்டியிருந்தது. அந்த நான்கு நாட்களை நான் மறக்கவே மாட்டேன். எனக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அப்பா கொல்லையில் இருப்பார். அத்தை சோற்றைத் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிருப்பாள். வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்க ஒரு ஆள் இல்லை. டிவியில் ஒரு அம்மா, "உங்கள் பேஸ்ட்டில் உப்பு இருக்கிறதா?" என்று கேட்பாள். நான் தட்டோடு உட்கார்ந்து, "இல்லீங்க, எங்கூட்ல சாதா பேஸ்ட்டுதான்" என்று அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். மூன்றாம் நாள் அவளோடு சண்டைகூடப் போட்டேன்.

அடுத்த முறை அப்பாவும் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா இரண்டு வழி சொன்னாராம். ஒன்று, கெட்டுப்போன பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, ஆறியபிறகு ஐந்து வாரம் கரண்ட் வைப்பது. கதிர்வீச்சு சிகிச்சைக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் பெயர். ஓரத்தில் ஏதாவது மிச்சம் இருந்தால் இன்னொரு தடவை அறுக்க வேண்டி வரலாம். மற்றொன்று, மார்பையே முழுதாக எடுத்துவிடுவது. அம்மாவுக்கு இருந்த நிலைமையில் இரண்டிலும் ஆயுசுக்கு வித்தியாசம் இல்லை, எதைச் செய்தாலும் பிறகு பல வருஷம் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, "உங்க விருப்பம் என்னம்மா?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். "வூட்ல கலந்துக்கிட்டு சொல்றோம்" என்று பதில் சொன்னவர் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். "எத்த செய்யறதுன்னு நம்மளயே கேக்குறாங்கன்னா, அவங்களுக்கே தெரியலன்னுதான அர்த்தம்?" அவருக்குப் பயம். பயந்துபோனால் அவர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். அன்று மாடு ஐந்து தடவை தண்ணீர் குடித்தது.

அத்தைக்குப் பயமெல்லாம் இல்லை. "புள்ள பெத்தாச்சி, பாலு குடுத்தாச்சி. இனிமே அது இன்னாத்துக்கு? மொத்தமா எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரு" என்றாள். அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. முப்பத்திரண்டு வயதுப் பெண் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? சொல்ல வெட்கம். சொன்னால், உயிரைவிட அழகு பெரிதாகப் போயிற்றா என்ற பேச்சு வரும். இப்படியே ஒரு வாரம் போனது. கடைசியில் அத்தை, "ஆத்தாவையே கேட்டுடலாம், ராசிக்காரி நம்மூட்லயே இருக்கா" என்று என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். அப்பாவுக்குப் பாரம் இறங்கியது நன்றாகத் தெரிந்தது.

வெள்ளை வந்தால் கொஞ்சம் எடுத்துக் கரண்ட் வைப்பது. சிவப்பு வந்தால் முழுதாக எடுப்பது. வெள்ளிக்கிழமை காலையில் அத்தையே அரளியும் நந்தியாவட்டையும் பறித்து வந்தாள். அவளுக்கு விரல் மூட்டெல்லாம் வீக்கம், நார் முடிய வராது. அதனால் பொட்டலம் கட்டும் வேலை அம்மாவிடம் வந்தது.

குளித்துவிட்டு வந்த என்னைத் துவட்டிவிடும் சாக்கில் அம்மா தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போனாள். தலையைத் துவட்டிக்கொண்டே காதருகில் குனிந்தாள். "ரெண்டுல ஒண்ணுத்துக்கு ரெண்டு முடிச்சி போட்டிருக்கேன். தடவிப் பாத்து அத்த எடு. யாராண்டயும் சொல்லாத."

"அதுல இன்னா பூம்மா?"

"வெள்ள."

நான் தலையாட்டினேன். விவரம் தெரியாத குழந்தை என்று பெரியவர்கள் நினைத்திருந்தார்களே தவிர, அந்த ஒரு வாரமாக அவர்கள் பேசியது எல்லாம் என் காதில் விழுந்திருந்தது. கரண்ட் வைக்கத் தினமும் கரையாம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் போய்வர முடியாது, ஐந்து வாரமும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து விடுதியில்தான் தங்க வேண்டும். முழுதாக எடுத்தால் பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம், கரண்ட்டும் அநேகமாகத் தேவைப்படாது. நான்கு நாளைக்கே டிவியோடு சண்டை போட்டவள் நான். ஐந்து வாரத்துக்கு எத்தனை நாள் என்று பள்ளிக்கூடம் வேறு எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

பூசாரி பொட்டலங்களைத் தட்டில் குலுக்கி அம்மன் காலடியில் வைத்தார். கற்பூரம் காட்டினார். அத்தை என்னை முன்னால் தள்ளினாள். எல்லோரும் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து முதல் பொட்டலத்தைத் தொட்டேன். விரலுக்கு அடியில் இரண்டு முடிச்சும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெளிவாகத் தட்டுப்பட்டன. சந்தேகத்துக்கே இடமில்லை. அதை அங்கேயே விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொடுத்தேன்.

பூசாரி நாரை அவிழ்த்தார். செவ்வரளி. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தாளே சொல்லிட்டா" என்று அழுதாள். அப்பா முதல் முறையாக அம்மாவை நேராகப் பார்த்தார். அம்மா குங்குமம் வாங்கி எனக்கும் வைத்துவிட்டாள்.

திரும்பி வரும்போது இரண்டு பேரும் கொஞ்சம் பின்தங்கி நடந்தோம். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அம்மா என் கையை எடுத்து, விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தாள். "இத்தினி வெரலு. இதுக்கு ஒரு முடிச்சி ரெண்டு முடிச்சின்னு இன்னா தெரியும்? எம் புத்திய சொல்லணும்" என்றாள். நான் ஆமாம் என்பது போலத் தலையாட்டினேன். தப்பித்துவிட்டேன் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சொன்னபடியே பதினோராம் நாள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். எடுத்த சதையைச் சோதித்துப் பார்த்து, கரண்ட் வேண்டாம், மாத்திரை போதும் என்றார்கள். என் கணக்கு பலித்தது. ஆனால் நான் யாருக்காகக் காத்திருந்தேனோ அவள் வரவில்லை. முன்பெல்லாம் போர் தண்ணீரில் நானும் அம்மாவும் சேர்ந்து குளிப்போம். இப்போது கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தனியாகக் குளித்தாள். ரவிக்கைக்குள் பழைய துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டாள். நான் ஓடிப்போய் இடது பக்கமாகக் கட்டிக்கொள்ளப் போனால் சட்டென்று உடம்பைத் திருப்பிக்கொள்வாள். ராத்திரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வகுப்பில் நடந்ததைச் சொன்னால் "ம்" கொட்டினாள். கொஞ்ச நாளில் நான் மறுபடியும் டிவிக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். பாவம் அம்மா, அவளுக்கு அந்த டிவிகூட இல்லை.

இப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. அம்மா நன்றாக இருக்கிறாள். வருஷாவருஷம் சோதனைக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். அந்த ஆஸ்பத்திரியில் மாதம் ஒரு சனிக்கிழமை, சிகிச்சை முடித்த பெண்கள் கூடி உட்கார்ந்து, புதிதாக வருகிறவர்களோடு பேசுகிறார்கள். வீட்டில் வாயே திறக்காத அம்மா அங்கே போனால் மூடவே மாட்டாள். போன மாதம் பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். அவளுக்கும் அதே வகை, அதே இரண்டு வழி. என்ன கேட்டாலும் அவள் கணவன்தான் பதில் சொன்னான். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். "தம்பி, கேன்டீன்ல எனக்கு ஒரு டீ வாங்கியாப்பா, சக்கர கம்மியா" என்று அவனை அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இப்ப சொல்லு. ஒனக்கு இன்னா தோணுது?"

அந்தப் பெண் முந்தானையைத் திருகினாள்.

"எனக்கும் அப்ப வாயி வர்ல. எங்கூட்ல யாராண்டயும் சொல்லல. தோ நிக்கிறாளே எம் மவ, அவகிட்ட மட்டும் சொன்னேன். ஒம்போது வயசு அவளுக்கு. நான் சொன்னாமாரி செய்யத்தான் பாத்தா, கொழந்த, முடியல. ஆனா நம்ம பக்கம் ஒருத்தி இருக்கான்னு எனக்கு அவ்ளோ தெம்பு. ஆபரேசனுக்கு உள்ள போறப்பகூட அதான் நெனச்சிக்கினே போனேன். நீயும் யாராண்டயாவது சொல்லும்மா."

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பார்வையில் மரியாதை இருந்தது. நான் ஃபைலைப் பிரித்து எதையோ தேடுவது போல நின்றேன்.

கடைக்குப் போய்வரச் சொல்வது போல ஒரு வேலை சொன்னாள் என்றுதான் அன்றைக்கு நினைத்திருந்தேன். அந்த வீட்டில், தன் பக்கம் நிற்பார்கள் என்று நம்பி அவள் தேர்ந்தெடுத்த ஒரே ஆள் நான் என்பது அந்த ஒன்பது வயதுக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. ஆனால் அவளிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், அன்றைக்கு அவளுக்கு இருந்த அந்த ஒருத்தியும் இல்லாமல் போய்விடுவாள்.