வந்து வந்து அணையும் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குச் சிரித்த முகத்தோடு வந்த ஆளை நான் பார்த்ததே இல்லை.

அதிலும் கம்ப்யூட்டருக்கென்றே ஒரு வியாதி இருக்கிறது. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற உங்களுக்கும் ஒருநாளாவது அது வந்திருக்கும். பட்டனை அமுக்கினால் ‘பீப்’ என்று சத்தம் வரும். கறுப்புத் திரையில் எழுத்து ஓடும். சரி, படம் வந்துவிடும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும்போது டப்பென்று அணையும். திரும்ப ‘பீப்’. திரும்ப எழுத்து. திரும்ப டப். நாம் தொட வேண்டியதே இல்லை, அதுவே அணைந்து அதுவே எழுந்திருக்கும்.

சின்னமனூர் மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் என் வீட்டுக்காரர் இதற்கெல்லாம் வைத்தியம் பார்க்கக் கடை வைத்திருந்தார். அவர் ஊர் ஊராக ரிப்பேருக்குப் போய்விட, ஜன்னல் கம்பியில் தொட்டில் கட்டி மகளைப் போட்டுவிட்டுக் கடையில் நான் உட்கார்ந்திருப்பேன். படித்தது ஏழாவது. படிப்பைக்கூட விடுங்கள், புது ஆளைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். என்ன கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுவேன். அந்த ஆட்டலுக்கு ஆமாவா இல்லையா என்று தெரியாமல் வந்தவர்கள் படியிறங்கிப் போய்விடுவார்கள்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார். தீபாவளி வரைக்கும் பார்ப்பது, அதற்குள்ளும் கடை ஓடவில்லை என்றால் பூட்டிவிட்டு அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போவது, நானும் பிள்ளையும் மாமியார் வீட்டில் இருந்துகொள்வது. என் மாமியார் நல்லவர்தான். ஆனாலும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் புருஷனைப் பார்க்கிற பிழைப்பு எனக்கு வேண்டாம் என்றிருந்தது. அதைச் சொல்லவும் நாக்கு வரவில்லை. அழுதுகொண்டு நின்றேன்.

“அழுகாத புள்ள. வர்ற ஆளுககிட்ட மூணே மூணு கேள்வி கேளு. எப்ப இருந்து இப்படி? கரண்டு எப்படி? யாரு தொட்டாக? மத்தத நான் வந்து பாத்துக்கிறேன். நீ வாயத் தொறந்தா கடை ஓடிரும்.”

காலாட்டுகிற வீடு

முதலில் என் வாயைத் திறந்து வைத்தது தேவதானப்பட்டியிலிருந்து போன் செய்த ஒரு அக்கா. போன் என்றால் முகம் பார்க்க வேண்டியதில்லை. அதிலும் பொம்பளைக் குரல். மூன்று கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன்.

“அவுக உக்காந்தா அணைஞ்சு அணைஞ்சு வருது தாயி. நான் உக்காந்தா ஒழுங்கா வருது. ஆம்பளையப் பிடிக்காது போல அதுக்கு” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு பேச்சும் வந்தது. என் மகளுக்குப் பல் முளைக்கிற கதை, அவர்கள் தோப்பு மாங்காய் அந்த வருஷம் காற்றில் கொட்டிப்போன கதை எல்லாம் பேசி முடித்து, கடைசியாகத்தான் கரண்டு விஷயத்துக்கு வந்தோம். பிளக் மேஜைக்கு அடியில் முழங்கால் உயரத்தில் இருக்கிறதாம், தொட்டாலே ஆடுமாம். படம் வருகிறவரை அக்காவின் வீட்டுக்கார அண்ணனுக்குப் பொறுமை இருக்காதாம், காலை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பாராம். அந்தக் கால் போய் அந்தப் பிளக்கில் இடித்தால் கம்ப்யூட்டர் என்னதான் செய்யும்?

பிளக்கை மாற்றுங்கள், அதுவரை அண்ணனைக் காலாட்டாமல் இருக்கச் சொல்லுங்கள் என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

“மணவறையிலயே ஆட்டுன காலு தாயி அது. அத நிறுத்த முடியாது. நீங்க கம்ப்யூட்டரையே ரிப்பேர் பண்ணிக் குடுத்துருங்க.”

வாசமடித்த டப்பா

குமுளிப் பக்கம் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் ஒன்றில் கணக்குப் பார்க்கிற மலையாளத்துப் பெரியவர், ஜீப்பில் ஒரு சி.பி.யூ.வைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். நல்லவேளை, அன்று என் வீட்டுக்காரர் கடையில் இருந்தார். மூடியைக் கழற்றியதும் மாடி முழுக்க ஏலக்காய் வாசம். கீழே இருக்கும் டெய்லர் அண்ணன் மேலே ஓடி வந்து, “என்ன தங்கச்சி, இன்னிக்குப் பாயசமா?” என்று எட்டிப் பார்த்தார்.

உள்ளே இருக்கிற சின்ன ஃபேன் முழுக்க ஏலக்காய்த் தூசியும் காம்பும் அப்பிக் கிடந்தது. ஃபேன் சுற்றாவிட்டால் உள்ளே சூடாகும், சூடானால் தானாக அணைந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் விளக்கிக்கொண்டே ஊதும் மிஷினை வைத்து ஊதினார். மூலையிலிருந்து முழுசு முழுசாகப் பச்சைக் காய் உருண்டு வந்தது. எலி ஒன்று உள்ளே புகுந்து மழைக்காலத்துக்குச் சேமித்து வைத்திருக்கிறது! என் மகள் தவழ்ந்து போய் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். தொண்டையில் சிக்கிவிடப் போகிறதே என்று பதறி, விரலைவிட்டுத் தோண்டி எடுத்து ஜன்னல் வழியாக வீசினேன். அதுவரை அசையாமல் உட்கார்ந்திருந்த பெரியவர் ஜன்னலுக்கு ஓடினார்.

“என்ன காரியம் செஞ்சே மோளே! கம்ப்யூட்டர் போனா போகட்டும், அது எட்டு எம்.எம். காயாக்கும், உள்ளதுல விலை கூடினது!”

தோட்டத்துக் கரண்டு

கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர். மகன் படிப்புக்கு வாங்கிய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருவார். எங்கள் கடையில் போட்டால் சமர்த்தாக ஓடும். தோட்டத்து வீட்டுக்குக் கொண்டுபோனால் அணைந்து அணைந்து வரும். திரும்பத் தூக்கி வருவார். “இங்கன வந்தா நல்ல பிள்ளையாட்டம் நிக்கிது. அங்கன வந்தா சண்டித்தனம் பண்ணுது. நீங்க என்னத்தையோ பண்ணி வச்சிருக்கீக” என்று என்னை முறைப்பார். தலையை ஆட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் பயந்துகொண்டே கேட்டேன், கரண்டு எப்படி என்று.

“த்ரீ பேஸ் வரும்போது எல்லாம் ஜோராத்தான் இருக்கும்” என்றார். தோட்டத்துக் கரண்டு பற்றித் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் ஓட்டுகிற அந்தக் கரண்டு நாளில் சில மணி நேரம்தான் வரும், வந்துவிட்டால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கூட எச்சில் கையோடு மோட்டார் ரூமுக்கு ஓடுவார். இவர் மோட்டாரைப் போட, வீட்டம்மா கிரைண்டரைப் போட, மகன் கம்ப்யூட்டரைப் போட, எல்லாம் ஒரே நேரம், ஒரே லைன். மோட்டார் ஒரு இழுப்பு இழுத்ததும் பல்பு மங்கும், கம்ப்யூட்டர் அணையும். என் வீட்டுக்காரர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, மோட்டார் ஓடும்போது கம்ப்யூட்டரைப் போடாதீர்கள் என்று சொன்னார். மனிதர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாராம்.

“அப்ப கரண்டு இருக்கப்ப நான் திராட்சைக்குத் தண்ணி பாச்சவா, இல்ல இந்த டப்பாவுக்குப் பாச்சவா?”

பூஜை போட்ட மிஷின்

இப்படிச் சிரிக்க நிறைய இருந்தது, ஆனால் கடை அப்படியேதான் இருந்தது. சரஸ்வதி பூஜையும் வந்துவிட்டது. திருப்பூரில் வேலை பார்த்துத் தருவதாகச் சொன்ன சிநேகிதர் இரண்டு தரம் போன் செய்துவிட்டார். என் வீட்டுக்காரர் பரணிலிருந்து பெரிய பையை இறக்கித் தூசி தட்டி வெயிலில் போட்டார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பூஜைக்கு மறுநாள் அவர் மேகமலை எஸ்டேட்டுக்குப் போயிருந்தார். அங்கே போனுக்கு டவர் கிடையாது. அன்றைக்கென்று பார்த்து உத்தமபாளையத்தில் டைப்ரைட்டிங் கிளாஸும் கம்ப்யூட்டர் கிளாஸும் நடத்துகிற ஒரு சார், ஆட்டோவில் ஒரு சி.பி.யூ.வோடு வந்து இறங்கினார். “எங்ககிட்ட இருக்கிற மிஷின் அத்தனையும் இன்னிக்குக் காலையில இருந்து அணைஞ்சு அணைஞ்சு வருது. சாம்பிளுக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன். சரி பண்ணிட்டா வருஷம் பூரா எல்லா மிஷினையும் நீங்களே பாத்துக்கலாம். முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, தேனிக்குப் போயிர்றேன்” என்றார். எனக்குக் கண்ணுக்கு முன்னால் அந்தப் பெரிய பைதான் நின்றது. நாக்கோ மேலே போய் ஒட்டிக்கொண்டது. எப்படியோ கடைசிக் கேள்வி மட்டும் வெளியே வந்தது: “யாரு தொட்டாக?”

“சாமியத் தவிர யாரும் தொடல” என்றார் கோபமாக.

வயரை மாட்டிப் போட்டேன். பீப். டப். பீப். டப். ஒவ்வொரு பீப்புக்கும் என் மகள் தொட்டிலில் எழுந்து உட்கார்ந்து கை தட்டினாள். சார் முறைத்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து ஈரத்துணியை எடுத்தேன். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் துடைப்பதுதான் என் வழக்கம். பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் மிஷின் முகம் முழுக்கக் காய்ந்து கிடந்தது. சின்னப் பட்டன் ஒன்றின் இடுக்கில் இருந்ததைத் தாலிக்கொடி ஊக்கால் சுரண்டி எடுத்தேன். பீப் வந்தது. டப் வரவில்லை. எழுத்து ஓடி, படமே வந்துவிட்டது!

நான் வாயைப் பிளந்தேன். சாரும் பிளந்தார், ஆனால் வேறு காரணத்துக்கு. “ஏம்மா! பூஜை போட்டு வச்ச பொட்ட அழிச்சிட்டியே!” என்று கத்திக்கொண்டே எங்கள் கடைச் சாமி படத்திடம் போய், நேற்றைய கிண்ணத்துச் சந்தனத்தைத் தொட்டு வந்து, கண்ணை மூடிக் கும்பிட்டு, அதே இடத்தில் கட்டை விரலால் அழுத்தி வைத்தார். டப். பீப். மகள் கை தட்டினாள்.

“பாத்தியா, சாமி கோவிச்சிருச்சு” என்றார்.

அந்த விரலைப் பார்த்ததும்தான் எனக்கே விளங்கியது. எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, பேச்சு கொட்டியது. “சாமி கோவிக்கலண்ணே, நீங்கதான் அமுக்குறீக! அது திரும்ப ஆரம்பிக்கிற பட்டனு. அதுக்குள்ள சந்தனம் காஞ்சு பாதி அமுங்குனபடி பிடிச்சுக்கிருச்சு. ஃபேன் அதிர அதிர அதுவாத் தொட்டுத் தொட்டு அணைக்கிது. பொட்ட நெத்தியில வைங்க, யாராச்சும் மூக்குத் துவாரத்துல வைப்பாகளா?”

பேசி முடித்த பிறகுதான் என்ன பேசினேன் என்று எனக்கு உறைத்தது. சார் தன் விரலைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார். விரலை மெதுவாக வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“எல்லா மிஷினையும் உன் வீட்டுக்காரரே பாத்துக்கட்டும். அடுத்த பூஜைக்குப் பொட்டு வைக்க மட்டும் நீ வந்துரும்மா.”

பெரிய பை திரும்பப் பரணுக்கு ஏறிவிட்டது. கீழே என் வீட்டுக்காரர், பேச ஆரம்பித்துவிட்ட எனக்கு அணைக்கிற பட்டன் எங்கே இருக்கிறது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.